ஐட்லிங்கில் நடுங்கும் பெட்ரோல் கார்: ஸ்கேனரா, கை வைத்தியமா, பிரஷர் கேஜா?

சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குகிறது. கிளம்பினால் ஒரு ஜெர்க், மேட்டில் பிக்கப் இல்லை. பட்டறையில் இதை ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்கள். அதற்குப் பிறகு பட்டறைக்குப் பட்டறை வழி மாறும். ஒருவர் ஸ்கேனரைச் செருகுவார், இன்னொருவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பவர் அரிது. எதையுமே பார்க்காமல் ‘இன்ஜெக்டர் கிளீனிங் பண்ணிடலாம் சார்’ என்று பில் போடுபவர்களும் நிறைய. கார் வைத்திருப்பவரின் பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் கடைசி வழியில்தான்.

இங்கே பேசுவது போர்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களைப் பற்றி மட்டும். அதாவது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அல்லாமல் அதற்கு முன்னால் உள்ள காற்றுப் பாதையில் இருக்கும் வகை. டீசல் கார்களின் காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான எரிபொருள் குழாய்) அழுத்தம் ஆயிரம் பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டும் என்பதால் அந்த லைனில் வீட்டில் கை வைக்கவே கூடாது.

ஸ்கேனர்

2013 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்களில் ஓ.பி.டி.-2 என்ற, பழுதைத் தானே கண்டறியும் அமைப்பு உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு சிறிய புளூடூத் அடாப்டரைச் செருகினால் போனிலேயே பழுதைக் குறிக்கும் கோடு (code) தெரியும். பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் இல்லை, மாறி மாறி வருகிறது. பி0171 என்றால் கலவை லீன், அதாவது காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு.

கோடு எந்த பார்ட் கெட்டது என்று சொல்லாது. பி0171 வந்தவுடன், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அந்த சென்சார் உள்ளதை உள்ளபடி சொன்னதால்தான் அந்தக் கோடே வந்திருக்கும்.

ஸ்கேனரின் உண்மையான பலம் லைவ் டேட்டாவில் (வண்டி ஓடும்போதே தெரியும் எண்களில்) இருக்கிறது, அதிலும் ஃபியூயல் ட்ரிம்மில். கணக்குப்படி ஊற்றவேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஊற்றுகிறது என்பதுதான் ட்ரிம். ஷார்ட் டேர்ம் (உடனடித் திருத்தம்), லாங் டேர்ம் (நாளடைவில் கற்றுக்கொண்ட திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மேலேயோ கீழேயோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் 20-ஐத் தாண்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் இயல்புக்கு வந்தால் இன்டேக் (காற்று உள்ளே வரும்) பக்கம் எங்கேயோ காற்றுக் கசிவு. ஐட்லிங்கில் சரியாக இருந்து, மேடு ஏறும்போது கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப், ஸ்ட்ரெய்னரை (டேங்குக்குள் பம்பின் வாயில் உள்ள வலை) சந்தேகப்படுங்கள். மாஃப் சென்சார் (உள்ளே வரும் காற்றின் அளவை அளப்பது) அழுக்கேறினாலும் இதே கோலம் வரும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் மாஃப் கிடையாது, மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அவற்றில் கசிந்து உள்ளே போகும் காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் இ.சி.யூ. அதற்கும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றிவிடும். ட்ரிம் பெரிதாக ஏறாது, ஐட்லிங் மட்டும் உயர்ந்து நிற்கும்.

இ20 பெட்ரோலையும் (20 சதவீதம் எத்தனால் கலந்தது; இ10 என்றால் 10 சதவீதம்) கணக்கில் எடுக்க வேண்டும். சுத்த பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று போதும். இ10-க்கு அது ஏறக்குறைய 14.1, இ20-க்கு 13.5. அதனால் இ10-க்கு ட்யூன் செய்த பழைய காரில் ட்ரிம் 4 சதவீதம் அளவுக்கு ஏறித் தெரிவது இயற்கை. அதைப் பார்த்து பம்பை மாற்ற வேண்டாம்.

கை வைத்தியம்

ஸ்கேனர் வந்ததால் பழைய மெக்கானிக்கின் கண்ணும் காதும் மதிப்பிழந்துவிடவில்லை. பிளக் முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளிறிப்போயிருந்தால் லீன். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சிக்கல் ஃபியூயல் லைனிலேயே இல்லை.

பிளக்குக்கு மின்பொறி தரும் காயிலை இடம் மாற்றுவது என்னைப் பொறுத்தவரை செலவே இல்லாத மிகச் சிறந்த சோதனை. பி0302 வந்த காரில் இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டரை. ஒரே சிலிண்டர் மட்டும் தடுமாறும்போது இந்த வழியை மற்ற இரண்டும் மிஞ்ச முடியாது. நான்கும் சேர்ந்து திணறினால் இதனால் பயன் இல்லை.

எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு காயில் கனெக்டராகக் கழற்றி எது வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். அதற்குப் பதில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் நேரே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னும்போது வண்டியை ஓட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

பிரஷர் கேஜ்

ஸ்கேனர் பெட்ரோல் குறைவு என்று ஊகிக்கும், கேஜ் அளந்தே காட்டும். போர்ட் இன்ஜெக்ஷனில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும். உங்கள் காரின் சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஐட்லிங்கில் சரியாக இருந்து ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது சரிந்தால் பம்போ ஸ்ட்ரெய்னரோ அடைபட்ட ஃபில்டரோ. எஞ்சினை அணைத்தவுடனே மடமடவென்று இறங்கினால் பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு போயிருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்கவேண்டி வருவதற்கும் இதே காரணம்தான்.

சிரமம் மாட்டுவதில்தான். சிறிய கார்கள் பலவற்றில் கேஜுக்கென்று தனி வாய் இருக்காது, லைனைப் பிரித்து டி-அடாப்டர் போட வேண்டும். முதலில் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெறித்தால் தீப்பிடிக்கும்.

அப்படியும் கேஜ் இல்லாமல் பம்பை மாற்றச் சொல்லும் பட்டறையை நான் நம்பமாட்டேன். பம்ப் அசெம்பிளி விலை அதிகம். அடைபட்ட ஸ்ட்ரெய்னரைக் கழுவிப் போட்டாலே சரியாகும் வண்டிகள் உண்டு. எத்தனால், பழைய டேங்கில் படிந்த கசடைக் கரைத்து ஸ்ட்ரெய்னருக்குக் கொண்டுவருவதால் இப்போது இதை முதலில் பார்ப்பது இன்னும் அவசியம்.

கிளீனிங் எப்போது?

காயில், பிளக், காற்றுக் கசிவு, அழுத்தம் எல்லாம் சரியாக இருந்து, இன்ஜெக்டரோடு கோடும் நகர்ந்தால் மட்டும். டேங்கில் ஊற்றும் பாட்டில்களில் பி.இ.ஏ. (படிவைக் கரைக்கும் பாலிஈதர் அமைன்) கலந்தது லேசான படிவுக்கு உதவும், அடைத்த இன்ஜெக்டரைத் திறக்காது. வண்டியிலேயே வைத்து அழுத்தத்தில் கரைசல் ஓட்டும் முறையில் எந்த இன்ஜெக்டர் எவ்வளவு ஊற்றுகிறது என்பது யாருக்கும் தெரியாது. கழற்றி அல்ட்ராசோனிக்கில் (ஒலி அதிர்வால் கழுவும் தொட்டி) போட்டு, பெஞ்சில் நான்கையும் ஒரே நேரம் ஊற்றவைத்து அளப்பதுதான் காசுக்குத் தகுந்த வேலை. கழுவுவதற்கு முன்னும் பின்னும் கண்ணாடிக் குழாய்களில் நின்ற மில்லி அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். கழுவிய பிறகும் ஒன்று மட்டும் பின்தங்கினால் அதை மாற்றிவிடலாம். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் புதிதாக இருக்கட்டும். சாவியை மட்டும் ஆன் செய்து கசிவு பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.