மேட்டுக்கு ஏற வேண்டிய விறகு: குதிரையா, ஸ்னோமொபைலா, வின்ச்சா?

காட்டு வேலை தெரிந்தவர்கள் வெட்டிய கட்டையைக் கூடியவரை சரிவில் கீழ்நோக்கித்தான் கொண்டுபோவார்கள். வீடு மேட்டிலும் மரம் பள்ளத்திலும் இருந்தால் அந்த வசதி கிடையாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், அப்பலாச்சியன் மலைகளை ஒட்டிய எஸ்ட்ரீ பகுதியில் இப்படி அமைந்த நிலங்கள் உண்டு. அங்கே விறகை மேலேற்றப் பலரும் குளிர்காலத்துக்குக் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. தரை கல்லாக இறுகியிருக்கும், சேறு இருக்காது. கட்டையில் மண் ஒட்டாததால் மரம் அறுக்கும் இயந்திர வாளின் சங்கிலியும் சீக்கிரம் மழுங்காது.

ஆனால் பனி எல்லாவற்றையும் சுலபமாக்கிவிடும் என்று நினைப்பதுதான் தவறு. 30 சென்டிமீட்டர் தடிமனும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள பச்சை மேப்பிள் கட்டை ஏறத்தாழ 150 கிலோ இருக்கும். 20 டிகிரி ஏற்றத்தில், வெறுந்தரையில் அதை இழுக்க 120 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். நன்றாக அழுத்திய பனியில் அது 80 கிலோ அளவுக்கு இறங்கும். அதற்குக் கீழே அதிகம் குறையாது, ஏனென்றால் அதில் 50 கிலோ ஏற்றத்துக்கே போகிறது. உராய்வு முழுவதும் போனாலும் அந்த 50 அப்படியே நிற்கும். கட்டையை வழுக்கவிடும் அதே பனி, இழுப்பவரின் காலையும் சக்கரத்தையும் வழுக்கவிடுகிறது என்பது இன்னொரு சிக்கல். ஆகவே எந்த முறையை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இழுப்பவர் எங்கே கால் ஊன்றுகிறார் என்பதைத்தான்.

குதிரையிலிருந்து தொடங்கலாம். 1665 முதல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அனுப்பிய குதிரைகளின் வழிவந்த கனடியக் குதிரை இந்த மண்ணுக்கே உரியது. மரங்களுக்கு நடுவே அதைப் போல நெளிந்து போகும் இயந்திரம் எதுவுமில்லை. ஆனால் ஒரு குதிரை நாள் முழுக்கத் தளராமல் தரக்கூடிய இழுவை அதன் எடையில் பத்தில் ஒரு பங்குதான். 500 கிலோ குதிரைக்கு அது 50 கிலோ. நமக்கு வேண்டியது 80. கொஞ்ச தூரம் அதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால் நிறுத்தி நிறுத்தி ஏற்றலாம். லாடத்தில் ஆணி முளைகள் கட்டாயம். ஏற்கெனவே குதிரை வளர்ப்பவருக்கு இது அருமையான வழி. விறகுக்காக மட்டும் ஒரு குதிரை வாங்குவது சரியாகாது.

பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலும் இதே ஊர்ப்பக்கத்துப் பிள்ளைதான். ஜோசப் அர்மான்ட் பொம்பார்டியே 1959-இல் ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைலை எஸ்ட்ரீயிலுள்ள வால்கூர் ஊரிலிருந்து சந்தைக்குக் கொண்டுவந்தார். சமதளத்தில் இதற்கு இணையில்லை. ஏற்றத்தில் வேகத்தை நம்பித்தான் ஏறும். நடுவில் நின்றுவிட்டால் வண்டியின் அடியில் சுழலும் பட்டை பனியைத் தோண்டிக் குழியாக்கும், சுமை பின்னால் இழுக்கும். முந்தைய நாளே தடத்தை அழுத்தி, இரவு முழுக்க இறுகவிட்டால் நிலைமை மாறும். செங்குத்தான இடத்தில் அப்போதும் நான் அதை நம்பமாட்டேன். டிராக்டருக்கும், கரடுமுரடான தரையில் ஓடும் நான்குசக்கர ஏடிவிக்கும் இன்னொரு ஆபத்து உண்டு. பின் அச்சுக்கு மேலே கொக்கி மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழலாம். குதித்துத் தப்பிக்கக்கூட நேரம் கிடைக்காது.

அடுத்து வின்ச், அதாவது ஓரிடத்தில் நின்றபடி கயிற்றால் சுமையை இழுக்கும் இயந்திரம். ஷெர்ப்ரூக் நகரத்துத் தயாரிப்பான போர்ட்டபிள் வின்ச்சில் சிறிய ஹோண்டா எஞ்சின் பொருத்திய மாடல் 16 கிலோதான், ஆனால் ஒரு டன் வரை இழுக்கும். உருளையில் கயிற்றைச் சில சுற்றுகள் சுற்றி, வால்பக்கத்தைக் கையால் இழுத்துப் பிடிப்பதுதான் வேலை. கயிறு உருளையிலேயே சேராததால் சரிவு எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. வேகம் நிமிடத்துக்கு 12 மீட்டர். 60 மீட்டர் ஏற்றத்துக்கு ஐந்து நிமிடம். மெதுவானதுதான். ஆனால் இதில் மட்டும்தான் இழுப்பவர் ஏறவே தேவையில்லை. மேட்டிலுள்ள ஒரு நல்ல மரத்தின் அடியில் அகலமான பட்டையால் அதைக் கட்டிவிட்டால், கால் ஊன்றும் பொறுப்பு மரத்தின் வேருடையது. கட்டையின் முனைக்கு பிளாஸ்டிக் கூம்பு மாட்டினால் புதைந்திருக்கும் அடிமரங்களில் முட்டி நிற்காது. நனைந்து உறைந்த கயிறு உருளையில் வழுக்கும் என்பதால் அதை உலர்வாக வைத்திருக்க வேண்டும். இழுபடும்போது கட்டைக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது.

என் தேர்வு வின்ச்தான். அவசரமில்லை என்றால் இன்னும் ஒரு படி போவேன்: மரத்தைப் பள்ளத்திலேயே துண்டாக்கி, பிளந்து, மேல்பகுதியை மட்டும் மூடி, ஒரு கோடை உலரவிடுவேன். மேப்பிள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடையை அங்கேயே இறக்கிவிடும். அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பிளந்த துண்டுகளைச் சறுக்குவண்டியில் அடுக்கி, வண்டியையே வின்ச் கயிற்றில் கட்டலாம். கையால் இழுத்தால் ஒரு நடைக்கு 40 கிலோ ஏற்றுவதே பெரும்பாடு. கயிற்றில் 200 கிலோ தாராளமாக ஏறும். காலி வண்டியைக் கீழே இறக்கும்போதே கயிறும் கூடவே போய்விடும்.