ரோடு பைக்கில் மட்கார்டு: மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு

என் ரோடு பைக்கில், அதாவது சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான ஒல்லி டயர் சைக்கிளில், முழுநீள மட்கார்டு மாட்டி மூன்று ஐப்பசி, கார்த்திகை கடந்துவிட்டன. சென்னையில் சேலையூரிலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு ஒரு வழி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். வாரத்தில் நான்கு நாளாவது அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோது பட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை. மொத்தம் 16,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். மாட்டிய அன்று தெரியாமல், ஓட்ட ஓட்டத் தெரிந்துகொண்டவை நிறைய. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

வண்டி வாங்கியபோது மட்கார்டு இல்லை. ரோடு பைக் அப்படித்தான் வரும், எடை குறைவு, பார்க்க ஒல்லியாக இருக்கும். முதல் மழைக்காலத்தை அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆனால் தொல்லை மேலிருந்து விழும் மழையில் இல்லை, அது சுத்தமான தண்ணீர். மழை நின்று மூன்று மணி நேரம் கழித்தும் சாலையில் கிடக்கிறதே, அந்தத் தண்ணீர்தான் தொல்லை. அதில் மெட்ரோ வேலையின் மண், எண்ணெய், பெரும்பாக்கம் பக்கத்துச் சதுப்புக் களிமண் எல்லாம் கலந்திருக்கும். பின் சக்கரம் அதை முதுகிலும் பையிலும் அடிக்கும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். முன் சக்கரம் செய்வது தெரியாது. ஷூவை நனைத்து, ஃபிரேமின் கீழ்க்குழாயில் மோதி, நேராகச் செயினிலும் பெடல் அச்சின் பேரிங்கிலும் போய் இறங்கும். அந்த வருடம் செயின் 2,000 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. பெடல் அச்சு கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் அச்சைக் கழற்றி, உள்ளே இருந்த மணலை விரலில் எடுத்துக் காட்டினார். "ஏம்மா, இவ்வளவு காசு கொடுத்து வாங்கின வண்டிக்கு ஒரு மட்கார்டு போடலையா? அந்தக் காலத்து ஹெர்குலிஸ்ல இருபது வருஷம் ஓட்டினாலும் இப்படி மண்ணு ஏறாதே" என்றார். அவர் சொன்னது சரி. நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளில் மட்கார்டும் செயின் கவரும் வண்டியோடு பிறந்தவை.

முதலில் சீட்டுக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் தகடு வாங்கினேன். அது உட்காரும் இடத்தை மட்டும் காப்பாற்றும், வேறெதையும் இல்லை. அப்புறம் ரப்பர் பட்டையால் ஃபோர்க்கிலும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை) ஃபிரேமிலும் கட்டும் அரை மட்கார்டு. ஐந்து நிமிடத்தில் மாட்டலாம், கழற்றலாம். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து டயரில் உரசியது. பட்டைக்கு அடியில் மணல் போய் உட்கார்ந்து, இரண்டே மாதத்தில் ஃபிரேமின் பெயிண்டை உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்துவிட்டது. உங்கள் ஃபிரேமில் மட்கார்டு கம்பி மாட்டத் துளையே இல்லையென்றால் மட்டும் அதை வாங்குங்கள். வாங்கினால், பட்டை படும் இடத்தில் முதலில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள்.

முழுநீள மட்கார்டு வாங்குமுன் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். சக்கர அச்சுக்குப் பக்கத்தில், ஃபோர்க் நுனியிலும் பின் ஃபிரேமிலும் 5 மில்லிமீட்டர் போல்ட் போகும் மரையுள்ள துளை இருக்கிறதா? டயரின் உச்சிக்கும் பிரேக்கின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறதா? பெடலை முன்னால் நீட்டி ஹேண்டிலைத் திருப்பினால் ஷூ நுனிக்கும் டயருக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது? கடையில் விற்பவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைச் சிரமப்படுத்தியவை மற்ற இரண்டும்தான்.

இடைவெளி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் வைத்த ரோடு பைக்கில் பிரேக்கின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு ஓர் அளவு உண்டு; கை நீண்டால் டயருக்கு மேலே இடம் கூடும். பந்தய வண்டிகளில் பெரும்பாலும் 39 முதல் 49 மில்லிமீட்டர். நிதானமாக நெடுந்தூரம் போவதற்கென்று செய்த வண்டிகள் பலவற்றில் 47 முதல் 57. என்னுடையது இரண்டாவது வகை. அப்படியிருந்தும், வண்டியோடு வந்த 28 அளவு (மில்லிமீட்டர் அகலம்) டயரோடு 35 மில்லிமீட்டர் அகல மட்கார்டை மாட்டியபோது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர்தான் மிஞ்சியது. உலர்ந்த சாலையில் ஒன்றும் தெரியவில்லை. முதல் மழையில் பெரும்பாக்கத்துக் களிமண் அந்த இடுக்கில் ஏறி அப்பிக்கொண்டது. சக்கரம் பிரேக் பிடித்தது போல இழுத்தது, கூழாங்கல் மாட்டும்போதெல்லாம் சர்ர்ரென்று சத்தம் வேறு. 25 அளவு டயருக்கு மாறினேன், 6 மில்லிமீட்டர் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அடைக்கவில்லை. டயர் ஒல்லியானதால் குண்டுகுழியில் கை கொஞ்சம் அதிகமாக அதிர்கிறது, மறைக்கவில்லை. மழைக்காலத்தில் வேலைக்குப் போகும் வண்டி என்றால் இதற்கு நான் சம்மதிப்பேன். சொகுசான அகல டயர்தான் வேண்டும் என்பவர்கள் டிஸ்க் பிரேக் வண்டி எடுப்பதே நல்லது. அதில் டயருக்கு மேலே பிரேக் குறுக்கே நிற்காது.

மாட்டும் வேலைக்கு ஒரு ஞாயிறு காலை முழுதும் போனது. முன் மட்கார்டின் தகடு, பிரேக்கைப் பிடிக்கும் அதே போல்ட்டில்தான் மாட்டுகிறது. இங்கே அவசரப்படாதீர்கள். நடுவில் ஒரு தகடு புகுந்தால் அந்த அளவுக்கு நட்டு பிடிக்கும் மரை குறையும். இது பிரேக்கையே தாங்கும் நட்டு. எனக்கு இரண்டு மூன்று சுற்றுதான் பிடித்தது, மனசு ஒப்பவில்லை. ஃபோர்க்குக்குள் போகும் குழாய் நட்டு பல நீளங்களில் கிடைக்கிறது. ஒரு அளவு நீளமானதை வாங்கிப் போட்ட பிறகுதான் வண்டியைத் தெருவுக்கே இறக்கினேன். முடித்ததும் பிரேக் கட்டைகள் ரிம்முக்கு இரண்டு பக்கமும் சமமாக நிற்கின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும், கட்டாயம் கோணியிருக்கும்.

கம்பிகளை ஹாக்சா பிளேடால் அறுக்கும்போது நான் ஒரு தவறு செய்தேன். பின்பக்கம் ஒரு கம்பி 4 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. இழுத்துப் பிடித்து போல்ட்டை முறுக்கிவிட்டேன். பார்வைக்கு நேராகத்தான் நின்றது. 14 மாதம் கழித்து, சீட்டுக்குக் கீழே ஃபிரேமின் குறுக்குக் குழாயில் மாட்டும் இடத்தில் மட்கார்டில் விரிசல் விட்டது. எப்போதும் ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டே இருக்கும் பிளாஸ்டிக், அதிர்வில் அந்த இடத்தில்தான் களைத்துப்போகும். டிங்கரிங் கடையில் கையளவு அலுமினியத் தகடு வைத்து நான்கு ரிவெட் அடித்துக் கொடுத்தார்கள். கம்பியையும் புதிதாக மாற்றினேன். இன்றுவரை அசையவில்லை. போல்ட்டைப் போடுவதற்கு முன்பே கம்பி தானாகத் துளைக்கு நேராக வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் கம்பியை வளையுங்கள், மட்கார்டை இழுக்காதீர்கள்.

கடகட சத்தம்தான் மட்கார்டைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை. என் வண்டியில் இல்லை. நட்டு இல்லாத போல்ட்டுக்கு மரை ஒட்டும் நீலப் பசை ஒரு சொட்டு, நட்டு வருமிடத்தில் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு, தகடும் தகடும் தொடும் இடமெல்லாம் பழைய டியூபிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பர். செலவே இல்லாத இந்த டியூப் வாஷர்தான் சத்தத்தில் பாதியைக் குறைத்தது.

முன் மட்கார்டு பெரும்பாலும் நீளம் போதாமல் வருகிறது. அதன் நுனி சாலையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருந்தால் ஷூவும் செயினும் நனைவது நிற்காது. தெருமுனை அண்ணன் லாரி டியூப் ரப்பரில் ஒரு மட்ஃபிளாப் வெட்டி, இரண்டு சின்ன போல்ட்டில் மாட்டிக் கொடுத்தார். தரைக்கு நான்கு விரல் மேலே நிற்கிறது. எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இந்தத் துண்டு ரப்பர்தான். இப்போது செயின் 4,500 கிலோமீட்டர் வருகிறது, பெடல் அச்சு இன்னும் அதே அச்சு. மழையில் பிரேக் பிடிப்பு மட்டும் மாறவில்லை. ரிம் எப்படியும் நனையும், முன்கூட்டியேதான் பிடிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். முன் கம்பிகள் ஃபோர்க்கில் சேரும் இடத்தில், வேகமாக இழுத்தால் தானாக விடுபடும் பிளாஸ்டிக் கிளிப் இருக்கிற மட்கார்டையே வாங்குங்கள். ஒரு புயலுக்கு மறுநாள் மேடவாக்கம் சாலை முழுக்கத் தூங்குமூஞ்சி மரக் கிளைகள் கிடந்தன. ஒரு குச்சி டயரோடு சுற்றிக்கொண்டு மட்கார்டுக்குள் போனது. டப்பென்று கிளிப் கழன்றது, நான் மெதுவாக ஓரம் கட்டினேன். கிளிப் இல்லாதிருந்தால் மட்கார்டு சுருண்டு முன் சக்கரத்தைப் பூட்டியிருக்கும், என்னைத் தூக்கி எறிந்திருக்கும். இரண்டாவது, ஷூ இடிப்பது. சோழிங்கநல்லூர் சிக்னலில் மெதுவாக வளையும்போது ஷூ நுனி மட்கார்டில் தட்டி விழுந்தேன், முழங்கை சிராய்ந்தது. மட்கார்டு அந்த இடைவெளியில் ஒரு விரல் அளவைத் தின்றிருந்தது. இப்போது பாதத்தைப் பெடலில் கொஞ்சம் பின்னால் வைக்கிறேன். மெதுவாக வளையும்போது வளைவுப் பக்கத்துப் பெடலை மேலே நிறுத்திக்கொள்கிறேன். வேகமாகப் போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது, அதனால் பயம் இல்லை.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் கேரியர் போட்டிருக்கிறேன், டிபன் பாக்ஸும் மாற்று உடையும் பக்கவாட்டுப் பையில். ரோடு பைக்கில் பின் ஃபிரேம் குட்டை என்பதால் குதிகால் பையில் இடிக்கும். பையின் கொக்கிகளைக் கேரியரின் கடைசிவரை பின்னால் தள்ளி, பையைச் சற்றுச் சாய்த்து மாட்டியதும் சரியானது. கேரியரையும் மட்கார்டையும் ஒரே துளையில் மாட்ட நேர்ந்தால் கேரியரின் கம்பி ஃபிரேமை ஒட்டி இருக்கட்டும், மட்கார்டு கம்பி வெளியே. எடை தாங்குவது கேரியர்தான். பின் விளக்கை சீட் கம்பியிலிருந்து எடுத்துக் கேரியரின் பின்முனையில் வைத்தேன். முன்பு பை மறைத்தது. பித்தளை மணி ஒன்று, அது இல்லாமல் சேலையூர் கேம்ப் ரோட்டில் ஓட்ட முடியாது. சைட் ஸ்டாண்டு மட்டும் போடவில்லை. மெல்லிய அலுமினியக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் வகை ஸ்டாண்டு குழாயை நசுக்கிவிடும்.

கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: பெட்டியோடு வந்த போல்ட்டுகள் ஆறே மாதத்தில் துருப்பிடித்தன. எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன், பசை போடாதவற்றுக்கு மாட்டும்போதே மரையில் கிரீஸ் தடவினேன். நீலப் பசை போடும் போல்ட்டுக்குக் கிரீஸ் கூடாது, இரண்டில் ஒன்றுதான்.

கோடையில் கழற்றி வைக்கலாமே என்று கேட்கிறார்கள். முதல் வருடம் ஏப்ரலில் நானும் கழற்றினேன், அரைக் கிலோ குறைந்தது, வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்காம் நாள் காலை, பெரும்பாக்கம் தாண்டி ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே எனக்கு முன்னால் போனது. அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது சட்டையின் முதுகில் கழுத்துவரை ஒரே சேற்றுக் கோடு. அன்று மாலையே திரும்ப மாட்டினேன். அதற்குப் பிறகு கழற்றவில்லை.