சுங்கை பூலோ நர்சரி: செடி நட்டு மூணு வாரம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

நான் கேஎல்னு சொல்ற கோலாலம்பூர் பக்கம் கெப்போங்ல சின்னதா கார்டன் வேல எடுத்து செய்றவன், ஒரு டன் லோரி ஒன்னு, புல்லு வெட்டுற மிஷின் மூணு, ஆளுங்க நாலு பேரு, அவ்ளோதான் கம்பெனி. சனிக்கெழம வீட்டுக்கு ரெண்டு சட்டி பூச்செடி வாங்க போறவங்களுக்கு இந்த ரிவ்யூ அவ்வளவா உதவாது, அவங்க சுங்கை பூலோ நர்சரி ரோட்டுல எந்த கடைக்குள்ள நொழஞ்சாலும் சந்தோசமாத்தான் வருவாங்க. எங்களுக்கு நர்சரி நல்லதா கெட்டதான்னு தெரியறது செடி நட்டு மூணு வாரம் ஆனப்பறம்தான், கஸ்டமர் வாட்ஸ்அப்ல காஞ்ச செடி படம் ஒன்னு அனுப்பி கீழ "போஸ், என்னா இது"ன்னு ஒரு வரி போடுவாங்க பாருங்க, அப்ப.

முன்ன வேற எடத்துல வாங்கிட்டு இருந்தேன், பேரு வேணாம். டாமான்சாரா பக்கம் ஒரு பங்களாவுக்கு வேலி மாதிரி வெக்க 60 யூஜினியா, நாங்க ரெட் லிப்னு சொல்றது, கொழுந்து செவப்பா வருமே அதான். மத்த கடையில 12 வெள்ளி (ரிங்கிட்), அங்க 9 வெள்ளி, ஆக 180 வெள்ளி மிச்சம்னு கணக்கு போட்டு தூக்கிட்டு வந்துட்டேன். ரெண்டாவது வாரமே எல கொட்ட ஆரம்பிச்சிருச்சு. ஒன்ன புடுங்கி பாத்தா மண்ணு பொலபொலன்னு உதிருது, வேரெல்லாம் வெட்டு வாங்கி நிக்கிது, அதாவது தரையில இருந்தத தோண்டி அப்பதான் பாலிபேக்ல, அதான் பிளாஸ்டிக் பையில, போட்டு வித்திருக்கான். 40 செடி போச்சு. கேட்டா "நீ தண்ணி ஊத்தல"ங்கறான். 12 வெள்ளின்னு திரும்ப வாங்குனது 480, அது இல்லாம நட்ட கூலி, கஸ்டமர் பாக்கி காச ரெண்டு மாசம் புடிச்சு வெச்சிட்டாரு.

அதுக்கப்பறம்தான் சுங்கை பூலோவுல இந்த கடை. ஆஸ்பத்திரிக்கு போற ரோட்டுல வரிசையா நர்சரி இருக்கே, அங்க உள்ள தள்ளி, போர்டு வெளுத்துப்போயி எழுத்தே தெரியாது, பச்ச வலைய பாத்துதான் கண்டுபுடிக்கணும். அந்த வட்டாரமே 1930ல தொறந்த தொழுநோய் குடியிருப்பு, குணமானவங்களுக்கும் வெளிய யாரும் வேல குடுக்காததால அங்கயே செடி வளத்து விக்க ஆரம்பிச்சாங்க, அப்படி வந்ததுதான் இத்தன நர்சரியும். எங்கப்பா காலத்துல அங்க போயிட்டு வந்தா குளிச்சிட்டுதான் வீட்டுக்குள்ள வரணுமாம், இப்ப பாதி கேஎல் தோட்டத்துக்கு செடி அங்கருந்துதான் போகுது.

கடைய பாத்துக்கறது ஒரு சீன ஆண்டி. மொத நாளு நான் யூஜினியா கேட்டதும் வெலய சொல்லல, ஒரு பாலிபேக்க படுக்க வெச்சு உருவி காமிச்சாங்க, மண்ணு சட்டி வடிவத்துலயே நிக்கிது, சுத்தி வெள்ள வேரு. தண்ட புடிச்சு லேசா ஆட்டி பாருன்னாங்க, செடியும் மண்ணும் சேந்து ஆடுனா நல்லது, செடி மட்டும் தனியா ஆடுனா புதுசா தோண்டுனது. பத்து வருசமா இந்த தொழில்ல இருக்கேன், இத எனக்கு யாரும் சொல்லித்தரல, வெக்கமா போச்சு.

இன்னொரு வாட்டி செகாம்புட்ல ஒரு வீடு, பெரிய மாமரம், அது கீழ பிலிப்பைன் கிராஸ்ங்கற புல்லுதான் வேணும்னு கஸ்டமர் ஒத்த கால்ல நிக்கிறாரு. ஆண்டி கேட்டது ஒன்னே ஒன்னு, வெயில் எவ்வளவு நேரம் விழுதுன்னு. காலையில கொஞ்சம்னு சொன்னதும் "தாக் போலே லா தம்பி, மாத்தி நந்தி", அதாவது முடியாது தம்பி, அப்பறம் செத்துடும்னு மலாய்ல சொல்லி விக்கவே மாட்டேன்னுட்டாங்க. பிலிப்பைன் கிராஸுக்கு முழு வெயில் வேணும், நெழல தாங்கறது கௌ கிராஸ்தான், அது வெலயும் கம்மி, அவங்களுக்குத்தான் நட்டம். காண்டோ (அடுக்குமாடி வீடு) வேலைக்கு புரோமீலியாட் கேட்டப்பவும் அதே கதை, எல நடுவுல தண்ணி நிக்கும், ஏடிஸ் கொசு புழு வெச்சா 500 வெள்ளி காம்பவுண்ட்னு அபராதம் வரும், அப்பறம் உன்னத்தான் திட்டுவாங்கன்னு மாத்தி வேற செடி குடுத்தாங்க.

செத்த செடிக்கு 14 நாளுக்குள்ள படம் அனுப்புனா மாத்தி தராங்க, இது வரைக்கும் ரெண்டு தடவ தந்திருக்காங்க. ஒரு வருசம் பழகுனப்பறம் 30 நாளு கடனும் உண்டு, காண்டோ மேனேஜ்மெண்ட் 60 நாளுக்கு முன்ன காசு போடாது, அதனால இது எனக்கு மூச்சு விட எடம் குடுத்த மாதிரி. பெருக்குன காஞ்ச எலய மூட்டையில கொண்டு போனா கம்போஸ்ட்டுக்கு வாங்கிக்கறாங்க, கொளுத்தவும் முடியாது, கண்ட எடத்துல கொட்டவும் முடியாது, வேற எங்க கொண்டு போறது சொல்லுங்க.

இப்ப திட்ட வேண்டியது. தரையில பதிக்கற புல்லு அவங்க வளக்கறது இல்ல, வேற எடத்துல இருந்து வருது, அங்கதான் கோளாறு. காலையில எட்டு மணின்னு சொன்ன லோரி சாயந்தரம் நாலு மணிக்கு மழையோட வந்துச்சு, அடுக்கி வெச்ச புல்லு நடுவுல சூடாயி மஞ்சளாவே மாறிடுச்சு. அது வரைக்கும் ஆளுங்க சும்மா ஒக்காந்திருக்காங்க, 2025 ஆகஸ்ட் 1ல இருந்து அஞ்சு பேருக்கு கீழ ஆளு வெச்சிருக்கற எங்களுக்கும் சட்டப்படி கொறஞ்சபட்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி, ஒக்காந்திருந்தாலும் அது ஓடிக்கிட்டுதான் இருக்கும். ஆண்டி மஞ்ச புல்லுக்கு காசு எடுக்கல, ஆனா அந்த நாளு போச்சு.

கருப்பு மண்ணு மூட்டையும் வேணாம். கோரை கெழங்கு கலந்து வந்து, ஒரு கஸ்டமர் வீட்டு புது பாத்தியில ரெட் லிப்ப விட கோரை நல்லா வளந்துச்சு, மேல புடுங்குனா கெழங்கு அடியில இருந்து திரும்ப வருது, மூணு தடவ போயி சும்மா களை எடுத்து குடுத்தேன்.

வேல நாள்ல காலையிலயே போங்க, சனி ஞாயிறு லோரி திருப்பக்கூட எடம் இருக்காது. அஞ்சுக்கு நாலு குடுப்பேன். கருவேப்பிலை கன்னு மட்டும் அங்க வாங்காதீங்க, வெல ரொம்ப ஏத்தி வெச்சிருக்காங்க, செந்தூல்ல எந்த அம்மா வீட்டு வாசல்ல கேட்டாலும் மரத்தடியில மொளச்சத வேரோட புடுங்கி சும்மாவே தருவாங்க, கூடவே சாப்டியான்னும் கேப்பாங்க.