குழாய் பதிக்கப் போவதா, கூடவே இருந்து பார்ப்பதா?

பொறியியல் படிக்கும்போதே வெளிநாட்டுக் கிராமத்துக்குத் தொண்டு வேலைக்குப் போவதில் இரண்டு பாணிகள் உண்டு. பெயர் என்னவோ ஒன்றுதான், இன்ஜினியர்ஸ் வித்தவுட் பார்டர்ஸ். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் தொண்டு அமைப்பு வேறு, கனடாவில் இருப்பது வேறு.

அமெரிக்கக் கதை பெலீஸ் நாட்டின் சான் பாப்லோ கிராமத்தில் ஆரம்பிக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்ட் அமடை 2001-இல் எட்டு மாணவர்களோடு அங்கே போய், அருவியின் வேகத்திலேயே ஓடும் பம்பைப் பொருத்தினார். செலவு 14,000 டாலர். அமைப்பு பிறந்தது அடுத்த வருடம். இன்றும் வேலை ஏறக்குறைய அப்படித்தான்: அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் துணையோடு மாணவர் குழு போகும், அளக்கும், கட்டும், ஓரிரு வாரத்தில் திரும்பிவிடும். கிராமத்தோடு குறைந்தது ஐந்து வருட உறவு என்பது விதி. நல்ல விதிதான், ஆனால் படிப்பே நான்கு வருடம்! முதலில் போய் அளந்தவர், கடைசியில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போகும்போது பெரும்பாலும் குழுவில் இருக்க மாட்டார்.

கனடாக்காரர்கள் 'ஜூனியர் ஃபெலோ' என்று அழைத்த தங்கள் மாணவத் தொண்டர்களை கானா, மலாவி, ஜாம்பியா என்று நான்கு மாதம் அனுப்பினார்கள். கட்டுமானம் கிடையாது. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, மாவட்ட அலுவலகத்திலோ உள்ளூர்த் தொண்டு நிறுவனத்திலோ உட்கார்ந்து வேலை. சப்பென்று இருக்கிறதா? அந்த அமைப்பின் டேவிட் டாம்பர்கர் 2011-இல் கால்கரியில் பேசியதைக் கேட்டால் காரணம் புரியும். மலாவியில் கனடா அரசுப் பணத்தில் போட்ட குழாய்களில் பெரும்பாலானவை ஒன்றரை வருடத்தில் நின்றுபோயின, பக்கத்திலேயே பத்து வருடம் முன்பு அமெரிக்க அரசு போட்ட அதே மாதிரித் திட்டமும் உடைந்து கிடந்தது. போடுவதற்குப் பணம் வந்தது, பழுது பார்க்க யார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இந்தியப் பள்ளிகளில் தான் அமைத்த மழைநீர் சேகரிப்பும் ஒரே வருடத்தில் கவனிப்பாரில்லாமல் போனதை அவரே ஒத்துக்கொண்டார். 2008 முதல் தோல்விகளைத் தனி அறிக்கையாகவே போட்ட அமைப்பு அது. அந்தத் துணிச்சலுக்காகவே எனக்குக் கனடா பாணி பிடிக்கும்.

அதற்காக அமெரிக்க வழி வெறும் சுற்றுலா என்று சொல்ல மாட்டேன். மட்டம் பார்த்துக் குழாய் இறக்கும் கைப்பழக்கம் அலுவலக நாற்காலியில் வராது. அப்புறம், நான்கு மாதம் என்றால் கோடை விடுமுறையில் வேலை பார்த்து வாங்கும் சம்பளம் போச்சு. கல்விக் கடன் கழுத்தை நெரிக்கும் மாணவருக்கு இரண்டு வாரப் பயணம்தான் கட்டுப்படியாகும்.