வடக்குப் பனியா, தெற்குப் பனியா?

மெரினாவில் சுண்டல் தின்றபடி அக்கா மகள் கேட்டாள்: “மாமா, பனிக்கரடி பென்குவினைத் தின்னுமா?” தின்ன வழியில்லை. கரடி வடதுருவத்தில், பென்குவின் தெற்கே.

வடக்கில் இருப்பது பெருங்கடலின் மேல் மிதக்கும் பனி. பெரும்பாலும் சில மீட்டர் கனம்தான். தெற்கிலோ ஒரு கண்டமே பனிக்குள் புதைந்திருக்கிறது. சில இடங்களில் கனம் 4 கிலோமீட்டரைத் தாண்டும். நன்னாரி சர்பத்தில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் டம்ளர் வழியாது. மேலிருந்து புதிதாகப் போட்டால் வழியும். ஆகவே கடல்மட்டம் உயரும் என்று சென்னைக் கரைக்கு அச்சம் அண்டார்டிகாவிலிருந்தும், வடக்கே கிரீன்லாந்தின் நிலப்பனியிலிருந்தும்தான்.

உயிர்களின் கணக்கு வேறு. சீல் மூச்சுவிட வரும் துளையருகே பனிக்கரடி மணிக்கணக்கில் காத்திருக்கும். பனித்தளம் போனால் அந்த வேட்டையும் போயிற்று. எம்பரர் பென்குவினில் ஆண்தான் கொடுங்குளிரில் சுமார் 65 நாள் பட்டினியாக நின்று, ஒற்றை முட்டையைப் பாதத்தில் தாங்குகிறது (நம் வீட்டு ஆண்கள் கவனிக்க!). அது நிற்பதும் பெரும்பாலும் கடற்பனியில்தான். நீர்புகா இறகு முளைக்குமுன் பனி உடைந்தால் குஞ்சு மூழ்கிவிடும்.

என் பரிவு பென்குவின் பக்கம். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமோ வடக்கையும் விடவில்லை: 2014இல் ஆர்க்டிக் கடலடியில், கடலைக் கண்காணிக்கும் ‘இன்டார்க்’ கருவித்தொகுதியை இறக்கியதில் அதற்குப் பங்குண்டு.