தோற்ற அணியைக் கலைப்பதா, வைத்துத் தேற்றுவதா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் மாதம் 68 அணிகள் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) போட்டிக்குள் போகின்றன. ஒன்றே ஒன்றுதான் தோற்காமல் வெளியே வரும். மற்ற எல்லோருக்கும் ஏப்ரலில் ஒரே தலைவலி: இந்த அணியை இனி என்ன செய்வது?

முன்பெல்லாம் இதற்குப் பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கல்லூரி மாறும் வீரர் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அதனால் இருக்கிற பையன்களைத்தான் தேற்றி எடுக்க வேண்டியிருந்தது. 2021-இல் ஒருமுறை மட்டும் உட்காராமலே மாறலாம் என்றார்கள். 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-26 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருட உச்சவரம்பு 2.05 கோடி டாலர். ஆக, ஏப்ரலில் காலியாகக் கிடக்கும் ஓர் அணியை ஜூன் மாதத்துக்குள் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாக நிரப்பிவிடலாம்.

இப்படிக் கலைத்துக் கட்டுவது ஒரு வழி. அதே ஆட்களை வைத்துக்கொண்டு தேற்றுவது இன்னொரு வழி. எது அதிகம் ஜெயிக்கிறது என்று மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. நான் கூடவே இன்னொன்றையும் பார்ப்பேன்: போன வருடத் தோல்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்த வருடம் களத்தில் இருக்கிறார்களா? ஓர் அணி நிஜமாகவே மாறியிருக்கிறதா, ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

தேற்றும் வழிக்கு வர்ஜீனியா பல்கலைக்கழக அணியைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 2018 மார்ச் 16, சார்லட் நகரம். போட்டியிலேயே முதல் தரவரிசை அணி அது. போட்டியில் அணிகளுக்குப் பலத்தின்படி 1 முதல் 16 வரை சீட் எண் கொடுப்பார்கள்; எதிரே கடைசியான 16-ஆம் சீட், மேரிலாந்து பால்டிமோர் கவுன்டி என்கிற யூஎம்பிசி. ஆண்கள் போட்டியில் அதுவரை 16-ஆம் சீட் ஒருமுறைகூட முதல் சீட்டைத் தோற்கடித்ததில்லை. 135 ஆட்டங்கள், 135 தோல்விகள். இடைவேளையில் 21-21. முடிவில் 74-54. ஏதோ கடைசி நொடியில் நழுவிய ஆட்டம் அல்ல, 20 புள்ளி வித்தியாசத்தில் வாங்கிய அடி.

சாக்குச் சொல்ல வழி இருந்தது. முக்கிய வீரர் டி'ஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு உடைந்து வெளியே இருந்தார். ஆனால் பயிற்சியாளர் டோனி பென்னட் ஊடகங்கள் முன் உட்கார்ந்து, எதிரணி எங்களை முழுக்க முழுக்க விஞ்சிவிட்டது என்று சொன்னார். கைல் கை என்ற வீரர் அந்தத் தோல்விக்குப் பிறகு எடுக்கப்பட்ட தன் படத்தையே செல்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார். மனப்பதற்றத்தோடு தான் போராடுவதையும் வெளிப்படையாக எழுதினார். இருபது வயதுப் பையனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நாடே சிரிக்கிற ஒரு தோல்வியை என்னுடையதுதான் என்று சொல்லி, தினமும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

அடுத்த வருடம் அணியின் மூத்தவர்கள் சிலர் படிப்பை முடித்துப் போனார்கள். அலபாமாவிலிருந்து பிராக்ஸ்டன் கீ வந்தார், புதுமுகமாகக் கீஹெய் கிளார்க் வந்தார். முதுகெலும்பு அப்படியே இருந்தது. 2019 முதல் சுற்றில் மறுபடியும் 16-ஆம் சீட், கார்ட்னர்-வெப். முதல் பாதியில் வர்ஜீனியா 14 புள்ளி பின்தங்கியது. போன வருடம் அடிபட்ட அதே பையன்கள், அதே மாதிரி அரங்கம் முழுக்கக் கண் விரிந்து பார்க்கிற நேரம். ஒருத்தரும் அவசரப்படவில்லை. 71-56 என்று முடித்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்தில்தான் அவர்கள் கோப்பையை ஜெயித்தார்கள்.

அப்புறம் அரையிறுதியில் ஆபர்னோடு இரண்டு புள்ளி பின்தங்கி, 0.6 நொடி மிச்சம் இருக்கும்போது கைல் கைக்கு மூன்று ஃப்ரீ த்ரோ. முதல் இரண்டும் உள்ளே. மூன்றாவதுக்கு முன் ஆபர்ன் வேண்டுமென்றே டைம் அவுட் கேட்டு அவரை யோசிக்கவிட்டது. திரும்பி வந்து அதையும் போட்டார், 63-62. இறுதிப் போட்டியில் டெக்சாஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77. ஹண்டர் 27, கை 24, டை ஜெரோம் 16. அணியின் 85 புள்ளிகளில் 67, சார்லட்டில் தோற்ற அணியிலேயே இருந்த மூன்று பேருடையது.

நான் பர்டூ பல்கலைக்கழக அணியின் பக்கம் நிற்கிறவன். அதனால் அடுத்த உதாரணம் எனக்கு நெருக்கமானது. 2021-இல் 13-ஆம் சீட் நார்த் டெக்சாஸிடம் தோல்வி. 2022-இல் 15-ஆம் சீட் செயின்ட் பீட்டர்ஸிடம். 2023-இல் எங்கள் பிரிவான பிக் டென்னின் பட்டங்கள் இரண்டையும் வென்று, 29 வெற்றியோடு முதல் சீட்டாகப் போய், 16-ஆம் சீட் ஃபேர்லீ டிக்கின்சனிடம் 63-58. வர்ஜீனியாவுக்குப் பிறகு அந்தக் கதிக்கு ஆளான இரண்டாவது அணி. நாட்டிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணியிடம், 7 அடி 4 அங்குல ஸாக் ஈடியை வைத்துக்கொண்டு தோற்றோம். 26 மூன்று புள்ளி எறிதல்களில் 5 மட்டும் உள்ளே போயின. 16 முறை பந்தைக் கோட்டைவிட்டார்கள்.

மூன்று வருடம் இப்படி அடி வாங்கினால் அணியைக் கலைத்துவிடச் சொல்வது எளிது. பயிற்சியாளர் மாட் பெயின்டர் கலைக்கவில்லை. எங்கே ஓட்டை என்று பார்த்தார். பந்தை அடித்துக்கொண்டு போகிறவர்களை எதிரணி நெருக்கினால் தடுமாறுகிறோம். வேகமான, அனுபவமுள்ள ஒரு கார்டு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்) வேண்டும். சதர்ன் இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் என்ற ஒருவரைப் போர்ட்டலில் எடுத்தார். ஈடி என்பிஏ டிராஃப்டிலிருந்து (தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பெயரை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஃபேர்லீ டிக்கின்சன் ஆட்டத்தில் முதலாண்டு மாணவர்களாகத் திணறிய பிரேடன் ஸ்மித்தும் ஃப்ளெட்சர் லாயரும் திரும்பி வந்தார்கள். 2024-இல் எலைட் எயிட்டில் (காலிறுதியில்) டென்னசிக்கு எதிராக ஈடி 40 புள்ளியும் 16 ரீபவுண்டும் எடுத்து, 1980-க்குப் பிறகு பர்டூவை முதன்முறையாக ஃபைனல் ஃபோருக்கு (அரையிறுதிக்கு) கூட்டிப் போனார். இறுதியில் யூகான் 75-60 என்று ஜெயித்தது. அதில் வருத்தம் உண்டு, குறை இல்லை. அந்த யூகான் எங்களைவிட நல்ல அணி.

சரி, எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். கலைத்துக் கட்டுவதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வேலை என்று மொத்தமாக ஒதுக்கிவிட முடியாது. லூயிவில்லைப் பாருங்கள். கென்னி பெய்ன் பயிற்சியில் 2022-23-இல் 4 வெற்றி, 28 தோல்வி. அடுத்த வருடம் 8 வெற்றி, 24 தோல்வி. அங்கே யாரை வைத்துத் தேற்றுவது? கல்லூரி பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, சார்ல்ஸ்டன் கல்லூரியிலிருந்து பாட் கெல்ஸியைக் கொண்டுவந்தது. அவர் கிட்டத்தட்ட மொத்த அணியையும் புதிதாக நிரப்பினார். விஸ்கான்சினிலிருந்து சக்கி ஹெப்பர்ன், ஜேம்ஸ் மேடிசனிலிருந்து டெரன்ஸ் எட்வர்ட்ஸ், சார்ல்ஸ்டனிலிருந்தே ரெய்ன் ஸ்மித். 2024-25-இல் 27 வெற்றி. ஏசிசி என்ற அதன் பிரிவில் 18 வெற்றி, 2 தோல்வி. இரண்டு வருடம் காலி நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஊருக்கு ஒரே குளிர்காலத்தில் கூடைப்பந்து திரும்பக் கிடைத்தது. என்சிஏஏ முதல் சுற்றிலேயே கிரைட்டனிடம் 89-75 என்று தோற்றதால் அந்த வருடம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கலைத்ததுதான் பொறுப்பான செயல்.

கென்டக்கி கதை எனக்கு அவ்வளவு சுலபமாக ஜீரணமாகவில்லை. 2024-இல் 14-ஆம் சீட் ஓக்லாண்டிடம் 80-76. ஜாக் கோல்கி என்ற ஒரே ஆள் மூன்று புள்ளி எறிதல்கள் பத்தை உள்ளே போட்டார். சில வாரங்களில் ஜான் கலிபாரி 15 சீசன் இருந்த இடத்தைவிட்டு ஆர்கன்சாவுக்குப் போனார். போன இடத்தில், அணியைச் சந்தித்தேன், அணி என்று ஒன்று இல்லை என்று சொன்னார். கென்டக்கியில் மார்க் போப்புக்கும் அதே நிலைமைதான். வீரர்களில் சிலர் என்பிஏவுக்கு, சிலர் கலிபாரியோடு, மீதிப் பேர் வேறு கல்லூரிகளுக்கு. போப் போர்ட்டலில் ஆளெடுத்து ஸ்வீட் 16 (கடைசி 16 அணிகள்) வரை போனார். கலிபாரியும் ஆர்கன்சாவில் ஸ்வீட் 16 போனார். இரண்டு பக்கமும் நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஓக்லாண்டிடம் தோற்றது யார்? கென்டக்கியின் சட்டை மட்டும்தான். அந்த இரவைப் பற்றி அடுத்த சீசனில் பதில் சொல்ல அங்கே யாருமே இல்லை.

இதில் பையன்களைத் திட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயிற்சியாளர் ஒப்பந்தம் பாக்கி இருக்கும்போதே கிளம்பலாம், கல்லூரி பயிற்சியாளரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்கிற இடத்தில், பத்தொன்பது வயதுக்காரன் மட்டும் விசுவாசம் காட்ட வேண்டும் என்பது அநியாயம். பல வருடம் அவர்கள் உழைப்பில் மற்றவர்கள் சம்பாதித்தார்கள். ஆட்ட நேரம் கிடைக்காத ஒருவன் வேறு கல்லூரி தேடுவதும், குடும்பத்துக்காக நல்ல தொகையை ஏற்பதும் அவன் உரிமை. பொறுப்பு என்று நான் சொல்வது, இருக்கிற இடத்தில் நடந்ததை என்னுடையது என்று ஏற்றுக்கொள்வதை. மாறிப் போகிறவனும் அதைச் செய்யலாம். தங்குகிறவன் செய்யாமலும் இருக்கலாம்.

ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு ஃப்ரீ த்ரோ தவறினால் அந்தப் பையனின் சமூக வலைத்தளப் பக்கத்தில் போய்க் கொட்டுகிற வசவைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. பந்தயத்தில் பணம் இழந்தவர்களின் வசவு இன்னும் மோசம். வீரர்களுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு ரசிகர்களின் நன்கொடையிலிருந்தும் வருகிறது, உண்மைதான். ஆனால் நன்கொடை கொடுத்தவனுக்கு ஒரு மாணவனை மிரட்டும் உரிமை வந்துவிடாது. தேற்றும் வழி நடக்க வேண்டுமென்றால், தோற்ற பையன் திரும்பி வரத் துணியும்படி ஊர் இருக்க வேண்டும். ஈடியும் கைல் கையும் திரும்பி வந்ததில் அந்த ஊர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

தேற்றும் வழி இன்றைக்கு முன்னைவிடக் கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். டோனி பென்னட் 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஓய்வு பெற்றார். இன்றைய சூழலுக்குத் தான் ஏற்றவன் இல்லை என்று காரணம் சொன்னார். 2025 மார்ச்சில் வர்ஜீனியா அவருடைய இடத்துக்குக் கொண்டுவந்தது ரயன் ஓடமை. 2018-இல் யூஎம்பிசிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவர்தான். அவரும் அணியைப் பெரும்பாலும் புதிதாகத்தான் கட்டினார். ஆக, பென்னட் செய்த மாதிரியே எல்லோரும் செய்யுங்கள் என்று சொன்னால் அது வெறும் ஏக்கம்.

எனக்குப் பிடித்த பதில் ஃப்ளோரிடாவில் இருக்கிறது. பயிற்சியாளர் டாட் கோல்டன் 2022-இல் வந்தார். முதல் சீசன் 16 வெற்றி, 17 தோல்வி. வில் ரிச்சர்ட் பெல்மான்டிலிருந்தும், வால்டர் கிளேட்டன் ஐயோனாவிலிருந்தும், அலிஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக்கிலிருந்தும் போர்ட்டல் வழியாக வந்தவர்கள். ஆனால் ஒரே ஏப்ரலில் மொத்தமாக வந்தவர்கள் அல்ல. 2022, 2023, 2024 என்று வருடத்துக்கு ஒருவராகச் சேர்ந்தார்கள். ரிச்சர்ட் மூன்று சீசன் இருந்தார், கிளேட்டன் இரண்டு. இன்னொரு பக்கம் அலெக்ஸ் காண்டன், தாமஸ் ஹாவ் போன்றவர்களைப் புதுமுகங்களாக எடுத்து அங்கேயே வளர்த்தார். 2024-இல் முதல் சுற்றில் கொலராடோவிடம் 102-100 என்று தோற்றபோது கிளேட்டன் 33 புள்ளி எடுத்திருந்தார். அவர் போகவில்லை. அடுத்த வருடம் இறுதிப் போட்டியில் முதல் பாதி முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்காமல், இரண்டாம் பாதியில் 11 எடுத்தார். கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் இமானுவல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பினார். கிளேட்டன் பாய்ந்து வந்ததைப் பார்த்ததும் எறிய முடியாமல் பந்தைத் தரையில் விட்டார். அதைத் திரும்பத் தொட்டால் தவறு. 65-63, ஃப்ளோரிடா சாம்பியன்.

போர்ட்டலில் வந்தவன் தங்கினால், அவனும் அந்த ஊர்ப் பையன்தான். எப்படி வந்தான் என்பதைவிட, முதல் பெரிய தோல்விக்குப் பிறகு என்ன செய்தான் என்பதைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். அந்தக் கணக்கில் ஷார்ப்பும் உயர்ந்து நிற்கிறார். அந்த இரவுக்குப் பிறகு அவர் ஹூஸ்டனை விட்டுப் போகவில்லை. அடுத்த சீசனுக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

என் அணி 4-28 என்று கிடந்தால் நானே கலைக்கச் சொல்வேன், பயிற்சியாளரிலிருந்து தொடங்கி. 29 ஆட்டம் ஜெயித்துவிட்டு மார்ச்சில் ஒரு இரவு அவமானப்பட்ட அணி என்றால், ஓட்டை எங்கே என்று பார்த்து ஒன்றிரண்டு பேரைச் சேருங்கள்; ஸ்மித்தையும் லாயரையும் அனுப்பாதீர்கள். பிரேடன் ஸ்மித் 2025-இல் பிக் டென்னின் சிறந்த வீரர்.