கோர்ட்டுக்கு நாலு ஸ்டார், லீகுக்கு இரண்டு

கிளப் பெயரைப் போடவில்லை, இன்னும் அங்கேதான் உறுப்பினராக இருக்கிறேன். அமெரிக்காவில் ராக்கெட்பால் (நாலு சுவருக்குள் நின்று, மட்டையால் பந்தை முன்சுவரில் மாறி மாறி அடிக்கும் ஆட்டம்) ஆட இடம் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கோர்ட் அருமை. 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம் என்று அளவு சரியாக இருக்கிறது, தரை வழுக்காது, கண் கவசம் மறந்துவிட்டால் கேட்டதும் தருகிறார்கள்.

பிரச்சினை வாராந்திர லீக். ரெஃப்ரி கிடையாது, ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சரி, சின்ன கிளப், அதைக்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால் யார் எப்படிக் குறுக்கே நின்றாலும் "ஹிண்டர், மறுபடி ஆடுங்க" என்பது மட்டும்தான் அங்கே சட்டம். ஹிண்டர் என்றால் எதிராளி ஆடுவதற்குக் குறுக்கே வருவது, உண்மையில் அதில் இரண்டு வகை உண்டு. நீங்கள் அடித்த பந்து முன்சுவருக்குப் போகும் வழியில் எதிராளி மேல் பட்டது, அல்லது அடித்தால் அவருக்குக் காயமாகுமோ என்று நீங்களே மட்டையை நிறுத்திவிட்டீர்கள் என்றால் பொதுவாக ரீப்ளே, ரேலியை (சர்வில் தொடங்கி ஒருவர் தவறவிடும் வரை ஆடுவதை) திரும்ப ஆடலாம். பெனால்டி ஹிண்டர் வேறு, அதில் மறித்தவருக்கு ரேலியே போச்சு. முன்சுவருக்கு நேராக அடிக்கவும், குறுக்காகத் தூரத்து மூலைக்கு அடிக்கவும் உங்களுக்கு வழிவிட வேண்டியது அவர் பொறுப்பு, வேண்டுமென்றே நிற்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இங்கே அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பஸ் படிக்கட்டில் வழிவிடாமல் நிற்கிற ஆள் மாதிரி ஒருவர் கோர்ட் நடுவில் ஊன்றி நிற்கிறார், பின்னாலிருந்து தாழ்வாக ஒரே அடியில் முடிக்க வேண்டிய பந்தை அவர் முதுகுக்குப் பயந்து நான் விட்டுவிடுகிறேன், உடனே ரீப்ளே, ஏறக்குறைய கைக்கு வந்த ரேலி மறுபடி முதலிலிருந்து. அடுத்த ரேலியிலும் அதே இடத்தில்தான் நிற்பார், நகர்ந்தால் அவருக்குத்தானே நஷ்டம்! மேனேஜரிடம் சொன்னால், ஜாலிக்கு ஆடுவதுதானே என்கிறார். கட்டணத்தை மட்டும் ஜாலிக்கு வாங்கவில்லை.

சேருகிறவர்கள் முதல் சர்வுக்கு முன்பே பெனால்டி ஹிண்டர் உண்டா இல்லையா என்று எதிராளியிடம் பேசிவிடுங்கள். அப்புறம், மட்டையைப் பின்னால் இழுக்கும்போது அவர் மேல் இடித்தால் அந்த நொடியே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், பந்தை அடித்து, அது தவறிய பிறகு கேட்டால் செல்லாது.

லீக் வேண்டாம், நண்பரோடு ஆடினால் போதும் என்றால் தாராளமாகச் சேரலாம். இரவு எட்டு மணிக்கு மேல் ஷவரில் வெந்நீர் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.